தொட்டியில் தாமரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாமரை வளர்க்கக் குளம் வேண்டியதில்லை. ஓட்டையில்லாத ஒரு தொட்டி, களிமண், நல்ல வெயில் இருந்தால் போதும். இருந்தும் முதல் வருடமே தாமரையைக் கொன்றவர்கள் நிறையப் பேர். நானும் அந்தக் கூட்டத்தில் உண்டு. கவனிக்காமல் விட்டதால் செத்த செடிகளைவிட, தினமும் கையை விட்டுத் துழாவியதால் செத்தவைதான் அதிகம். கீழே உள்ள பதில்களில் பல இடங்களில் "சும்மா விடுங்கள்" என்று வரும். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள்.

தாமரை, அல்லி இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அல்லி இலையில் காம்பு சேரும் இடத்திலிருந்து விளிம்பு வரை ஒரு பிளவு ஓடும். தாமரை இலையில் பிளவே கிடையாது. முழு வட்டம், நடுவில் குடைக்கம்பி போலக் காம்பு. அல்லி இலை பெரும்பாலும் தண்ணீரோடு ஒட்டிப் படுத்திருக்கும். தாமரை முதலில் சில மிதக்கும் இலைகளை விட்டுவிட்டு, அப்புறம் தண்ணீருக்கு மேலே எழுந்து நிற்கும். தண்ணீர் தெளித்தால் தாமரை இலையில் ஒட்டாமல் முத்தாக உருளும். அல்லி இலையில் அந்த வித்தை அவ்வளவாக நடக்காது.

தாவரவியல் கணக்கில் இரண்டுக்கும் தூரத்து உறவுகூடக் கிடையாது என்றே சொல்லலாம். அல்லி நிம்ஃபேயேசி குடும்பம், தாமரை நெலும்பனேசி குடும்பம். மரபணுவை வைத்துப் பார்த்தால் தாமரைக்கு நெருங்கிய சொந்தம், சாலையோர நிழலுக்காகப் பல நாடுகளில் நடும் பிளேன் மரம்! ஒரே தண்ணீரில் வாழ்ந்து வாழ்ந்து சாயல் ஒன்றாகிவிட்டது. ஆகவே அல்லிக்குச் சொன்ன வைத்தியத்தைத் தாமரைக்குச் செய்யாதீர்கள்.

நீலத்தாமரை விதை கிடைக்கிறதே, வாங்கலாமா?

வாங்காதீர்கள். தாமரையில் இருப்பதே இரண்டு இனங்கள்: ஆசியத் தாமரை வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் பூக்கும், அமெரிக்கத் தாமரை மஞ்சளில் பூக்கும். மற்ற வண்ணக் கலவையெல்லாம் இவற்றுக்குள் செய்த கலப்புகள். நீலம் எதிலும் இல்லை. நீலத்தாமரை என்று பெயர் சொல்லிக் காட்டும் பூ உண்மையில் நீல அல்லி. வானவில் நிறத்தில் படம் போட்ட விதைப் பொட்டலம் என்றால் படத்தை மட்டும் ரசித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பெயரில் தாமரை இருப்பதாலேயே ஆகாயத்தாமரையையும் சிலர் தொட்டியில் விடுகிறார்கள். அந்தப் பெயரில் சுற்றும் இரண்டு செடிகளுமே மிதந்து பரவும் களைகள். தொட்டிக்குள் இருக்கும்வரை பரவாயில்லை. மிச்சத்தை மட்டும் ஏரி, குளம், வாய்க்கால் எதிலும் கொட்டிவிடாதீர்கள். வெயிலில் காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.

எவ்வளவு வெயில் வேண்டும்?

நேரடி வெயில், குறைந்தது 6 மணி நேரம். ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம் கணக்கில் சேராது. உங்கள் இடத்தில் 4 மணி நேரம்தான் வெயில் என்றால் தாமரையை மறந்துவிட்டு அல்லியை வையுங்கள். இலை வரும், பூ வராது என்ற ஏமாற்றம் வருடக்கணக்கில் இழுக்கும்.

எந்தத் தொட்டி நல்லது?

அகலமான, வட்டமான தொட்டி. அடியில் ஓட்டை கூடாது. தாமரையின் தண்டு சேற்றுக்குள் கிடைமட்டமாக ஓடிக்கொண்டே இருக்கும் ஜாதி. வட்டத் தொட்டியில் அது சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஓடும். சதுரத் தொட்டியில் நுனி மூலையில் போய் முட்டி, திரும்பத் தெரியாமல் மடங்கி, சில சமயம் அங்கேயே அழுகிவிடும்.

அளவு ரகத்தைப் பொறுத்தது. கிண்ணத் தாமரை எனப்படும் குட்டி ரகங்களுக்கு 25 முதல் 30 செ.மீ. அகலம் போதும். நடுத்தர ரகத்துக்கு 45 செ.மீ. குளத்தில் வளரும் பெரிய தாமரை என்றால் 60 செ.மீ.க்குக் கீழே யோசிக்கவே வேண்டாம்; 90 இருந்தால் இன்னும் நல்லது. ஆழம் சுமார் 30 செ.மீ. இருந்தால் பெரும்பாலான ரகங்களுக்குச் சரியாக இருக்கும்.

மாடியில் வைப்பவர்கள் எடையையும் கணக்குப் போடுங்கள். 60 செ.மீ. அகலமும் 30 செ.மீ. ஆழமும் உள்ள தொட்டியின் கொள்ளளவு சுமார் 85 லிட்டர். பாதி சேறு, பாதி தண்ணீர் என்றாலே 100 கிலோவைத் தாண்டிவிடும். நிரப்பியபின் நகர்த்த முடியாது, ஆகவே இடத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் தொட்டிமேல் வலுவான கம்பிவலை போடுவது கட்டாயம். குழந்தைக்கு ஆபத்து வர ஒரு சாண் தண்ணீரே போதும்.

என்ன மண் போடுவது?

களிமண், அல்லது களி கலந்த தோட்டத்து மண். அவ்வளவுதான்.

முதல் தடவை நான் ரோஜாவுக்குச் செய்வது போலவே செய்தேன்: மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு, கொஞ்சம் சாணம். மூன்றாம் நாள் நார்க்கழிவு முழுக்க மேலே மிதந்தது. ஒரு வாரத்தில் தண்ணீர் காப்பி நிறம். இரண்டாம் வாரம் தொட்டிக்குள் கைவிட்டால் அழுகிய முட்டை நாற்றம். கிழங்கு விரலில் பிசுபிசுவென்று வந்தது. காரணம் எளிது. தண்ணீருக்கடியில் காற்று இல்லை. மக்கும் பொருள் அங்கே காற்றில்லாமல் நொதித்து, வேரைக் கொல்லும் வாயுக்களை விடுகிறது. சத்து கரைந்து மேலே வந்து பாசிக்கு விருந்தாகிறது.

அனுபவசாலிகள் சிலர் நன்றாக மக்கிய எருவை அடியில் மெல்லிய படலமாகப் போட்டு, அதன்மேல் களிமண்ணைக் கனமாக மூடுகிறார்கள். அது வேலை செய்யும். முதல் தொட்டிக்கு அந்தச் சாகசம் தேவையில்லை என்பது என் கருத்து. மண் 12 முதல் 15 செ.மீ. உயரம் வரை போட்டு, தண்ணீர் ஊற்றிக் குழைத்து, ஒரு நாள் படியவிடுங்கள்.

விதையா, கிழங்கா?

பூ சீக்கிரம் வேண்டுமா, கிழங்கு. வேடிக்கை பார்க்க ஆசையா, விதை.

கிழங்கில் வளர்ந்தது தாய்ச்செடியின் அச்சு. அதே நிறம், அதே அளவு, பெரும்பாலும் முதல் பருவத்திலேயே பூ. விதையில் என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. குட்டி ரகத்தின் விதையிலிருந்து பெரிய செடி வந்து தொட்டியை அடைத்துக்கொள்ளலாம். பூக்க இரண்டு, மூன்று வருடம் ஆனாலும் ஆச்சரியமில்லை.

விதையைத் தண்ணீரில் போட்டு மாதம் ஆகிறது, அசையவே இல்லை. ஏன்?

அதன் மேலோட்டை நீங்கள் தேய்க்கவில்லை, அதனால்தான். தாமரை விதையின் கறுப்பு ஓடு தண்ணீரை உள்ளே விடாது. வடகிழக்குச் சீனாவில் வற்றிப்போன ஓர் ஏரிப் படுகையில் கிடைத்த விதை ஒன்று, கார்பன் கணக்கின்படி சுமார் 1,300 வருடப் பழசு. ஆய்வுக்கூடத்தில் ஓட்டைத் தேய்த்துத் தண்ணீரில் போட்டதும் முளைத்துவிட்டது. அத்தனை நூற்றாண்டு காத்திருக்கத் தெரிந்த விதைக்கு உங்கள் ஒரு மாதம் எம்மாத்திரம்!

விதையின் ஒரு முனையில் சின்ன முனைப்பு இருக்கும், மறுமுனையில் லேசான குழிவு. குழிவான முனையை உப்புத்தாளிலோ அரத்திலோ தேயுங்கள். கறுப்பு போய் உள்ளே வெளிறிய பருப்பு ஊசிமுனை அளவு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் தேய்த்தால் பருப்பு அழுகும். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். விதை ஒரே நாளில் ஊதிப் பெரிதாகும். ஊதாதது சரியாகத் தேயவில்லை என்று அர்த்தம். வெப்பமான நாட்களில் ஒரு வாரத்துக்குள் பச்சை முளை வந்துவிடும். மூன்று, நான்கு இலை விட்டு, அடியில் வெள்ளை வேர் தெரிந்தபின் சேற்றுக்கு மாற்றலாம். தோலுரித்து விற்கும் வெள்ளைப் பருப்பை மட்டும் ஊறப்போட்டுக் காத்திருக்காதீர்கள்.

கிழங்கை எப்படி நடுவது?

படுக்கவைத்து நடுங்கள். நட்டுக்குத்தாக இல்லை.

கிழங்கு சங்கிலிபோலக் கணுக்கணுவாக இருக்கும். நுனியில் கொம்பு மாதிரிக் கூராக இருப்பதுதான் முளை. அதுதான் முழுச் செடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முளை ஒடிந்தால் அந்தக் கொடி அத்தோடு முடிந்தது. வேறு கணுவில் வேறு முளை இருந்தால் தப்பிக்கலாம். இரண்டு, மூன்று கணுவும் ஒடியாத ஒரு முளையும் இருக்கிற கிழங்காகப் பார்த்து வாங்குங்கள். கொண்டுவரும் வழியிலும் கைக்குழந்தையைப் போலப் பிடியுங்கள்.

சேற்றில் ஓரமாக ஒரு வாய்க்கால் கீறி, கிழங்கைக் கிடத்தி, உடலை மூடுங்கள். முளை தொட்டியின் நடுவைப் பார்த்து, லேசாக மேல்நோக்கி, சேற்றுக்கு வெளியே தெரியவேண்டும். கிழங்குக்குள் காற்றுக் குழாய்கள் இருப்பதால் அது மிதக்கப் பார்க்கும். ஆகவே கணுக்களுக்கு நடுவே ஒரு தட்டைக் கல்லை வையுங்கள், முளைமேல் படக்கூடாது. தண்ணீரைச் சுவரோரமாக மெதுவாக ஊற்றுங்கள். அப்புறம் வேர் பிடித்ததா என்று தூக்கிப் பார்க்கக் கூடாது. இந்த ஆசையை அடக்க முடியாதவர்களின் தாமரைதான் அதிகம் சாகிறது.

தண்ணீர் எவ்வளவு ஆழம் நிற்கவேண்டும்?

நட்டதும் சேற்றுக்குமேல் 5 செ.மீ. போதும். ஆழம் குறைவு என்றால் தண்ணீர் சீக்கிரம் சூடாகும், முளை சுறுசுறுப்பாகும். இலைகள் எழ எழ 10 முதல் 15 செ.மீ. வரை ஏற்றுங்கள். எடுத்த எடுப்பிலேயே விளிம்புவரை நிரப்பினால் குட்டிச் செடி வெளிச்சத்தைத் தேடி ஏறுவதிலேயே கிழங்கின் சேமிப்பைத் தீர்த்துவிடும்.

கோடையில் பெரிய இலைகள் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும். தினமும் குறைந்த அளவை மட்டும் நிரப்புங்கள்.

குழாய்த் தண்ணீர் ஆகுமா?

செடிக்கு ஆகும். மீன் இருந்தால் ஒரு நாள் வெளியில் திறந்துவைத்து ஊற்றுங்கள், குளோரின் போய்விடும். குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த தண்ணீர் என்றால் இந்த வழி பலிக்காது. மீன்தொட்டிக்கு விற்கும் நீக்கி மருந்து வேண்டும். உப்புத் தண்ணீர் மட்டும் ஒத்துவராது, இலை விளிம்பு கருகும்.

தண்ணீர் பச்சையாகிவிட்டது. கொட்டிவிட்டுப் புதுசாக ஊற்றவா?

வேண்டாம்! அடிக்கடி வரும் கேள்வி இது, அடிக்கடி செய்யப்படும் தப்பும் இதுதான்.

புதுத் தொட்டியில் மண்ணிலிருந்து சத்து கரைந்து வரும். தண்ணீர்மேல் வெயில் நேராக விழும். தின்ன ஆள் இல்லாத விருந்தில் பாசி உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் தண்ணீரை மாற்றினால் சேறு கலங்கி, புதுத் தண்ணீரோடு புதுச் சத்தும் வந்து, பாசி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பொறுத்திருந்தால் தாமரை அந்தச் சத்தை எடுத்துக்கொள்ளும். இலைகள் தண்ணீர்ப் பரப்பில் பாதிக்கு மேல் மூடியதும் பாசிக்கு வெளிச்சம் போய்விடும். சில வாரங்களில் தண்ணீர் தானாகத் தெளியும்.

நூல்நூலாக வரும் பாசி வேறு விஷயம். அது இளம் இலையைச் சுற்றி இறுக்கும், ஒரு குச்சியில் சுருட்டி எடுத்துவிடுங்கள். பாசிக்கொல்லி மருந்து, குறிப்பாகத் தாமிரம் கலந்தது, மீனையும் நத்தையையும் கொல்லும். தொட்டி போன்ற சின்ன இடத்தில் அதை நான் பயன்படுத்த மாட்டேன்.

கொசு வருமே?

சும்மா விட்டால் கட்டாயம் வரும். வெப்பமான நாட்களில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். நாலைந்து கப்பி மீன் விட்டால் புழுவைத் தின்று தீர்த்துவிடும். மீனுக்குத் தனியாகத் தீனி போடாதீர்கள், போட்டால் புழுவைத் தேடாது, தண்ணீரும் கெடும். கப்பி பெருகிக்கொண்டே போகும். கூடுதல் மீனை இயற்கையான நீர்நிலையில் விடக்கூடாது.

மீன் வைக்க முடியாத சின்னக் கிண்ணத்துக்கு பிடிஐ மாத்திரை போடலாம். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியா அது. கொசுப்புழுவின் குடலில் வேலையைக் காட்டும், செடிக்கோ மீனுக்கோ ஒன்றும் ஆகாது.

உரம் எப்போது, எவ்வளவு?

எழுந்து நிற்கும் இலை இரண்டு மூன்று வந்தபின். அதற்குமுன் கிழங்கில் இருக்கும் சேமிப்பே போதும். முன்கூட்டிக் கொடுத்தால் இளவேர் கருகும்.

தண்ணீரில் தூவாதீர்கள், அது பாசிக்குத்தான் போகும். மெதுவாகக் கரையும் குருணை உரத்தை ஈரக் களிமண்ணில் உருட்டி, உருண்டைகளை நிழலில் காயவைத்து, முளை ஓடும் பக்கத்தைத் தவிர்த்து, சேற்றுக்குள் ஒரு விரல் ஆழத்துக்கு அழுத்துங்கள். 45 செ.மீ. தொட்டிக்கு ஒரு தடவைக்கு மொத்தம் ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகவேண்டாம். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். இலை வெளிறி, புது இலை சிறுத்து வந்தால் பசி. விளிம்பு பழுப்பாகி மொறுமொறுவென்று ஆனால் அதிகமாகிவிட்டது என்று பொருள். அடுத்த தடவையைத் தள்ளிப்போடுங்கள். பருவம் முடிந்து வளர்ச்சி தணியும்போது உரத்தை நிறுத்திவிடுங்கள்.

முதலில் வந்த இலைகள் மஞ்சளாகின்றன. நோயா?

நாணயம் போல வந்த மிதக்கும் இலைகள்தானே? அவற்றின் வேலை முடிந்தது, போகட்டும். முழுதாகக் காய்ந்தபின் கிள்ளுங்கள்.

நிற்கும் இலையை வெட்ட நேர்ந்தால் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வெட்டுங்கள். தாமரைக்காம்பு உள்ளே குழாய்க்கட்டு. இலையிலிருந்து காற்று அதன் வழியாகச் சேற்றுக்குள் இருக்கும் தண்டுவரை போய், சுற்றித் திரும்புகிறது. வெயில் நேரத்தில் இலையின் நடுக்குழிவில் தேங்கிய தண்ணீரில் குமிழி கிளம்புவதைப் பார்த்திருக்கிறீர்களா? திரும்பி வரும் காற்று அதுதான். தண்ணீருக்கடியில் வெட்டினால் அந்தக் குழாய்க்குள் தண்ணீர் ஏறிவிடும், கீழே அழுகல் தொடங்கலாம்.

இலை அமோகம், பூவே இல்லை. என்ன செய்வது?

முதலில் எந்த மாதிரி இலை என்று சொல்லுங்கள். மிதக்கும் இலைகள் மட்டும் இருந்தால் செடி இன்னும் குழந்தை. தாமரை மொட்டு நிற்கும் இலையோடு, அதே கணுவிலிருந்து கிளம்பும். நிற்கும் இலை இல்லாமல் பூ கிடையாது.

நிற்கும் இலைகள் இருந்தும் பூக்கவில்லை என்றால் நான் சந்தேகப்படும் வரிசை இது. வெயில் போதாது; பத்தில் ஏழு தொட்டிகளில் இதுதான் என்று பந்தயம் கட்டுவேன். பக்கத்து மரம் இந்த வருடம் ஒரு கிளை நீட்டியிருக்கலாம், பாருங்கள். அடுத்து, பெரிய ரகத்தைச் சின்னத் தொட்டியில் அடைத்திருப்பது. அதற்கடுத்து தழைச்சத்து அதிகமான உரம். இலை கரும்பச்சையாகக் கொழுத்திருந்தால் இதை நினையுங்கள். விதைச் செடியா? பொறுங்கள். போன மாதம் பிடுங்கி நட்டீர்களா? அதற்கும் பொறுங்கள்.

மொட்டு வந்து, கறுத்துக் கருகிப் போவது வேறு. திடீர்க் குளிர், பசி, நிழல், அசுவினிப் பூச்சி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். முதல் மொட்டு கருகியது என்று மனதை விட்டுவிடாதீர்கள், இளம் செடியில் சகஜம்.

பூச்சி?

அசுவினிதான் முக்கிய எதிரி. மொட்டிலும் இளங்காம்பிலும் கும்பலாக ஒட்டியிருக்கும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் விழும், கீழே மீன் பார்த்துக்கொள்ளும். இரண்டு நாளைக்கு ஒருமுறை, ஒரு வாரம் அடித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எண்ணெய், சோப்புக் கரைசல் எல்லாம் தாமரை இலையின் மெழுகைக் கெடுக்கும், மீனுக்கும் நல்லதில்லை. வேறு வழியே இல்லையென்றால் நீர்க்கத் தயாரித்து, ஓர் இலையில் சோதித்து, சாயங்காலம் மட்டும் அடியுங்கள். இலையைச் சுருட்டித் தின்னும் புழுவைக் கையால் எடுப்பதே வேகம்.

குளிர் காலத்தில் இலையெல்லாம் காய்ந்துவிட்டது. செத்துப்போச்சா?

தூங்குகிறது. பகல் குறுகக் குறுகத் தாமரை இலைக்குச் செலவு செய்வதை நிறுத்திவிட்டு, சேற்றுக்குள் கிழங்கைப் பெருக்க ஆரம்பிக்கும். தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் சூடேறும்வரை பெரிதாக ஒன்றும் நடக்காது. அதுவரை சேறு காயாமல் மேலே கொஞ்சம் தண்ணீர் நின்றால் போதும். பனி உறையும் இடம் என்றால் கிழங்கு உறையாத இடத்துக்குத் தொட்டியை மாற்றவேண்டும். உறைந்த கிழங்கு பிழைக்காது. குளிரே தெரியாத இடங்களில் முழுத் தூக்கம் இல்லாமல், கொஞ்சம் மந்தமாக மட்டும் இருக்கும்.

எப்போது பிரித்து நடுவது?

குட்டித் தொட்டி வருடத்துக்கு ஒருமுறை, பெரியது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. தூக்கம் கலைவதற்குச் சற்று முன், முளை நீள ஆரம்பிக்காத நேரம் பார்த்துச் செய்யுங்கள். கையால் தோண்டாதீர்கள்; தொட்டியைச் சாய்த்து, மண்கட்டியை முழுசாகக் கவிழ்த்து, தண்ணீர் பீய்ச்சிச் சேற்றைக் கரையுங்கள். கிழங்குகள் பெரும்பாலும் அடியில் சுவரோரமாகச் சுருண்டு கிடக்கும். ஒரு தொட்டிக்கு ஒரு கிழங்குதான். மிச்சத்தைத் தூக்கி எறிய மனம் வராமல் மூன்றை ஒன்றாக நட்டால் மூன்றும் சண்டைபோட்டு எதுவும் பூக்காது. கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

பூ எத்தனை நாள் இருக்கும்? எப்போது பார்க்கவேண்டும்?

மூன்று, நான்கு நாள். காலையில் விரிந்து மதியத்துக்குள் கூம்பிவிடும். முதல் நாள் பாதிதான் விரியும், வாசனை அன்றுதான் அதிகம். இரண்டாம் நாள் முழு விரிப்பு. அதற்குப்பின் நிறம் வெளுத்து, இதழ் ஒவ்வொன்றாக உதிர்ந்து, நடுவே விதை தாங்கும் பொகுட்டு மட்டும் நிற்கும்.

முதல் நாள் விடியற்காலையில் பூவுக்குள் விரலை மெதுவாக விட்டுப் பாருங்கள். வெளியே குளிராக இருந்தாலும் உள்ளே கதகதப்பாக இருக்கும். தாமரைப் பூ தானாகவே சூட்டை உண்டாக்கி, உள்ளே 30 முதல் 36 டிகிரிக்குள் வைத்துக்கொள்கிறது. வண்டுக்கு விரித்த படுக்கை அது. ஏழு மணிக்கே எழுந்து தொட்டிக்குப் போகிற ஆட்கள் இதற்காகத்தான் போகிறார்கள், உரம் போட இல்லை.